ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைச் சாத்துவது யார்?

ராத்திரி 11.45-க்கு மேல் ரயில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஊரெல்லாம் அடங்கின பிறகு நிதானமாக டிக்கெட் போடலாம் என்று போனைக் கையில் எடுத்தால், "இப்போது இல்லை, பிறகு வா" என்று ஷட்டரை இறக்கிவிடுவார்கள். 12.20 வாக்கில்தான் மறுபடி தூக்குவார்கள். பல வருஷமாக நாமும் இதற்குப் பழகிவிட்டோம்.

கோபப்படுவதற்கு முன் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். 1985-ல் டெல்லியில் ஆரம்பித்தது கம்ப்யூட்டர் ரிசர்வேஷன். அப்புறம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்கள் ஆயின. 1999-ல் அந்த ஐந்தும் ஒன்றோடு ஒன்று பேச ஆரம்பித்தன. 2002-ல் இணையத்திலேயே டிக்கெட் வந்தது. இத்தனை பெரிய கூட்டுக்குடும்பம், தேதி மாறுகிற நேரத்தில் அரைமணி கதவைச் சாத்திக்கொண்டு வீட்டு வேலையைப் பார்க்கிறது. 2021 நவம்பரில் தொடர்ந்து 7 ராத்திரி, 11.30-லிருந்து காலை 5.30 வரை ரிசர்வேஷன் கிடையாது என்றார்கள். கொரோனாக் காலத்து ஸ்பெஷல் ரயில்களைப் பழைய நம்பருக்குத் திருப்புகிற வேலை. முன்கூட்டியே பேப்பரில் எல்லாம் போட்டுவிட்டுத்தான் சாத்தினார்கள்.

சொல்லிவிட்டுச் சாத்துகிற கதவால் தொல்லை இல்லை. யாருக்கும் சொல்லாமல், தினமும் அதே நேரத்துக்குத் தானாகச் சாத்திக்கொண்டு, தானாகத் திறந்துகொள்கிற கதவு இருக்கிறதே... அதுதான் ஆளைக் கொல்லும். அப்படி ஒரு கதவுக்குப் பின்னால் மூன்று வாரம் அலைந்தேன்.

ரெண்டாவது மெமோ

டேட்டாபேஸ் பராமரிப்பு என் தொழில். அவனியாபுரத்தில் வீடு. 2011-ல் எங்கள் ஊர் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. பொங்கலன்று ஜல்லிக்கட்டு, தலைக்கு மேலே விமானம், இரண்டுக்கும் நடுவில் எங்கள் பிழைப்பு.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். நகருக்குள் மெயின் பில்டிங். புறநகரில் ஒரு கிளை. கிளையில் எமர்ஜென்ஸி, லேப், ஸ்கேன் எல்லாம் உண்டு. அங்கே ராத்திரி டியூட்டி பார்க்கிற லேப் டெக்னீஷியன் தம்பிக்கு, "இரவுப் பணியில் பரிசோதனை முடிவுகளைத் தாமதமாகப் பதிவு செய்தது குறித்து விளக்கம் தரவும்" என்று மெமோ வந்திருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"தூங்கிட்டு இருந்தேன்னு சொல்றாங்கண்ணே" என்றான் தம்பி. "ரெண்டு மணிக்கு ரிசல்ட்டைத் தட்டினா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். அப்புறம் 'டைம்அவுட்'னு வந்துரும். மறுபடி தட்டினா மறுபடி டைம்அவுட். வார்டுல இருந்து டாக்டரம்மா போன் போட்டுச் சத்தம் போடுவாங்க. நான் பேப்பர்ல எழுதிக்கிட்டு மாடிக்கு ஓடுவேன். ரெண்டரைக்குப் பாத்தா நல்லா ஆயிருக்கும். காலைல பத்து மணிக்குக் கம்ப்யூட்டர்காரர் வந்து பாத்துட்டு, 'நல்லாத்தானேய்யா இருக்கு'ம்பார்."

டெங்கு நோயாளியின் தட்டணு எண்ணிக்கை, மயங்கிக் கிடப்பவரின் ரத்தச் சர்க்கரை... ராத்திரி ரெண்டு மணிக்கு லேப்பிலிருந்து போவதெல்லாம் இந்த ரகம். அரைமணி தள்ளிப் போடுகிற சமாசாரம் இல்லை.

இரண்டு மைக், ஒரு மாடு

அந்த ஆஸ்பத்திரியில் டேட்டாபேஸ் சர்வர் இரண்டு. ஒன்று மெயினில், ஒன்று கிளையில். ஒன்றில் எழுதியது உடனே மற்றதிலும் ஏறிவிடும். ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும். இப்படிச் சேர்த்துக் கட்டிய ஜோடிக்கு 'க்ளஸ்டர்' என்று பெயர். இரண்டும், "இருக்கியா?" "இருக்கேன்" என்று ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். இதைத்தான் 'ஹார்ட்பீட்' என்பார்கள். பதில் வரவில்லையென்றால் எத்தனை நேரம் பொறுப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. 'கலேரா' என்கிற க்ளஸ்டரில் 5 வினாடி ஆனால் சந்தேகம். 15 வினாடி ஆனால் ஆள் அவுட். ஆரக்கிளின் க்ளஸ்டரில் வழக்கமாக 30 வினாடி.

பதில் சொல்லாதவன் செத்துப் போயிருக்கலாம். உயிரோடுதான் இருக்கிறான், நடுவில் வயர்தான் அறுந்தது என்றும் இருக்கலாம். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி! இரண்டு சர்வரும், "அவன் போய்விட்டான், இனி நான்தான் ராஜா" என்று தனித்தனியாகக் கணக்கு எழுத ஆரம்பித்தால் என்ன ஆகும்? அவனியாபுரம் வாடிவாசலில் இரண்டு மைக் வைத்து, ஒருவர் "மாடு பிடிபட்டது" என்றும், இன்னொருவர் "மாடு ஜெயித்தது" என்றும் அறிவித்தால் என்ன ஆகுமோ, அது! அண்டா யாருக்கு, சைக்கிள் யாருக்கு?

இதற்காகத்தான் மூன்றாவதாக ஒரு சின்ன மெஷினை விழாக் கமிட்டி மாதிரி உட்கார வைக்கிறார்கள். மூன்றில் இரண்டு ஓட்டு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் மட்டும்தான் எழுதலாம். மற்றது கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். இந்த ஆஸ்பத்திரியில் கமிட்டி மெஷின் மெயின் பில்டிங்கில் இருந்தது. நடுவழியில் தொடர்பு கெட்டால், மெயினுக்கு இரண்டு ஓட்டு, கிளைக்கு ஒன்று. மெயினில் எல்லாம் ஜோராக ஓடும். கிளையில் மட்டும் ஸ்தம்பிக்கும். மேனேஜர் உட்கார்ந்திருப்பது மெயினில். தம்பி உட்கார்ந்திருப்பது கிளையில். மெமோ ஏன் வந்தது என்று புரிகிறதா?

43 வினாடி, 24 மணி நேரம்

'ஏதோ சில வினாடி சமாசாரம்தானே' என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெரிய இடத்துக் கதை. உலகம் பூராவும் புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் சரக்கைப் பூட்டி வைக்கிற பெட்டகம் 'கிட்ஹப்'. 2018 அக்டோபர் 21 அன்று (நமக்கு 22-ம் தேதி விடிகாலை 4.22) அமெரிக்கக் கிழக்குக் கரையில் அவர்கள் ஒரு நெட்வொர்க் சாமானை மாற்றினார்கள். வழக்கமான பராமரிப்பு வேலைதான். அதில் தொடர்பு அறுந்தது 43 வினாடி. அந்த 43 வினாடிக்குள், கிழக்குக் கரை டேட்டாபேஸ் போய்விட்டது என்று முடிவு கட்டி, மேற்குக் கரையில் உள்ளதற்குப் பட்டம் சூட்டிவிட்டது காவல் மென்பொருள். கிழக்கிலோ, மேற்குக்கு இன்னும் போய்ச் சேராத கொஞ்சம் கணக்கு மிச்சம் இருந்தது. இரண்டு கணக்கையும் நேர் பண்ணிப் பழைய நிலைக்கு வர 24 மணி 11 நிமிஷம் ஆயிற்று! சர்வீஸ் பூராவும் அதுவரை தள்ளாட்டம்தான். என்ன நடந்தது என்று அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு ஒரு சலாம்.

'டைம்அவுட்டைக் கூட்டிடுங்க'

நான் போய் இறங்கியதுமே யோசனைகள் குவிந்தன. எலி வயரைக் கடிக்கிறது என்றார் வாட்ச்மேன் பெரியவர். யூ.பி.எஸ். கோளாறு என்றார் எலெக்ட்ரீஷியன். துப்புரவு அம்மா பிளக்கைப் பிடுங்குகிறார் என்று ஒருவர். (ஆஸ்பத்திரியில் துப்புரவு செய்பவர் தினமும் பிளக்கைப் பிடுங்கியதால் நோயாளிகள் இறந்தார்கள் என்று உலகம் பூராவும் ஒரு கதை சுற்றுகிறது. அது வெறும் புரளி. எந்த ஊராக இருந்தாலும் பழி முதலில் துடைப்பம் பிடித்தவர் தலையில்தான்!)

சாஃப்ட்வேர் கம்பெனி ஆசாமி போனில் சொன்ன யோசனைதான் ரொம்பச் சுலபம்: "அஞ்சு செகண்டை அறுபது ஆக்கிடுங்க சார், சரியாப் போயிடும்."

சரியாகப் போகாது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியை வைத்துக் கட்டுகிற வைத்தியம் அது. நாளைக்கு ஒரு சர்வர் நிஜமாகவே படுத்தால், அது படுத்துவிட்டது என்று மற்றது உணர ஒரு நிமிஷம் ஆகும். அதுவரை இரண்டு பில்டிங்கும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவேண்டியதுதான்.

என்னைக் கேட்டால், தினமும் ஒரே நேரத்துக்கு வருகிற கோளாறு ஒரு வரப்பிரசாதம். மணி பார்த்து வருகிற திருடனைப் பிடிப்பது சுலபம். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸில் அபர்ஹோசன் என்று ஒரு கிராமம். தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்க இன்டர்நெட் தடுமாறும். 18 மாசம் இந்தக் கூத்து. கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் மின்காந்த இரைச்சலை அளக்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு விடிகாலையிலேயே தெருத் தெருவாக நடந்தார்கள் எஞ்ஜினீயர்கள். 'டாண்' என்று 7 மணிக்கு ஒரு வீட்டிலிருந்து இரைச்சல் கிளம்பியது. அந்த வீட்டுக்காரர் தினமும் 7 மணிக்குப் போடுகிற பழைய டி.வி.! விஷயம் தெரிந்ததும் அவர் பாவம், கூசிப்போய் இனி அதைப் போடவே மாட்டேன் என்றாராம். 2020-ல் வெளிவந்த செய்தி இது.

ஆக, கோளாறு நடக்கிற நேரத்தில் ஆள் அங்கே இருக்கவேண்டும். காலை பத்து மணிக்கு வந்து பார்த்தால் டி.வி. ஆஃப் ஆகியிருக்கும்.

நோட்டு சொன்ன சாட்சி

நான் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு?"

அவன் மேஜை டிராயரிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். டைம்அவுட் ஆன ஒவ்வொரு ராத்திரியும், ரிசல்ட் எத்தனை மணிக்கு ரெடி, எத்தனை மணிக்குக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது, வார்டில் யாரிடம் நேரில் சொன்னான்... எல்லாம் நீல மையில். ஐந்து வாரம்!

உட்கார்ந்து படித்தேன். எல்லா ராத்திரியும் ஆரம்பம் 2.04, 2.05. லேப் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் வேகம். அதைக் கழித்தால் சரியாக 2.00. சாதாரண நாளில் இருபது நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டியூட்டியில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கிறது.

எலிக்கு மணி பார்க்கத் தெரியாது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷலாகக் கடிக்கத் தெரியவே தெரியாது. வாரம் ஒரு நாள் அதிக நேரம் எடுக்கிறதென்றால், அது 'பேக்கப்' ஜாதி. தினமும் புதிதாகச் சேர்ந்ததை மட்டும் நகல் எடுப்பது, வாரம் ஒருமுறை முழுசாக எடுப்பது என்பது உலக வழக்கம்.

அடுத்து, இரண்டு சர்வரிலும் ரெண்டு மணிக்கு ஓடும்படி வைத்த வேலை ஏதாவது உண்டா என்று தேடினேன். ஒன்றுமில்லை. டேட்டாபேஸ் பேக்கப் நள்ளிரவிலேயே முடிந்துவிடுகிறது.

அன்றைக்கு ராத்திரி தம்பியோடு லேப்பிலேயே உட்கார்ந்தேன். கிளை சர்வரிலிருந்து மெயின் சர்வருக்கு வினாடிக்கு ஒருமுறை 'பிங்' அனுப்பி, பதில் வரும் நேரத்தை மணியோடு பதிவு செய்ய வைத்தேன். ஒன்றரை மணி வரை 2, 3 மில்லி செகண்ட். தம்பி பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினான். 1.59... ஒன்றுமில்லை. 2.00 தாண்டியதும் 40, 200, 900... அப்புறம் பதிலே இல்லை.

"வந்துட்டான்ணே!" என்றான் தம்பி. குரலில் பயத்தைவிட சந்தோஷம்தான் அதிகம்.

சர்வர் சாகவில்லை. வயர் அறுந்துபோகவில்லை. ரோடு ஜாம்! எங்கள் ஊர் ரோட்டில் பொங்கலன்று காலையில் தபால்காரர் சைக்கிளில் வந்தால் எப்படி மாட்டிக்கொள்வாரோ, அப்படி ஹார்ட்பீட் மாட்டிக்கொண்டது. போஸ்ட் கார்டு சைஸ் சமாசாரம்தான். முன்னால் லாரி வரிசை நின்றால் போஸ்ட் கார்டும் நிற்கத்தானே வேண்டும்?

லாரி யாருடையது? நெட்வொர்க் ஸ்விட்ச்சில் எந்த ஓட்டை வழியாக எவ்வளவு போகிறது என்று பார்த்தேன். ஒரே ஓட்டையில் பிரவாகம். அந்த வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தால், அது போய் நின்றது ஸ்கேன் அறை! சி.டி. ஸ்கேன் படங்களைச் சேமிக்கிற பெட்டி, அன்றைய படங்களையெல்லாம் மெயின் பில்டிங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதைப் போட்டது வேறு கம்பெனி. டேட்டாபேஸ்காரருக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது.

இதிலும் ஒரு வேடிக்கை. அந்தப் பெட்டியின் அட்டவணையில் 'ரெண்டு மணி' என்று எங்கேயுமே இல்லை. '20.30' என்று இருந்தது. ராத்திரி எட்டரைக்கு யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லையே? பெட்டியின் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அது கிரீன்விச் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். 20.30-உம் 5.30-உம் கூட்டுங்கள்... 26.00. அதாவது, மறுநாள் விடிகாலை ரெண்டு! வாராந்திர முழு நகல் அதன் கணக்கில் ஞாயிறு எட்டரை. நம் கணக்கில் ஞாயிறு ராத்திரி டியூட்டி. தம்பியின் நோட்டு அட்சரம் பிசகவில்லை.

லெஸ்லி லாம்போர்ட் என்று ஒரு அமெரிக்க விஞ்ஞானி. கம்ப்யூட்டர் உலகின் நோபல் என்று சொல்லப்படுகிற டூரிங் விருதை 2013-க்காகப் பெற்றவர். பல கம்ப்யூட்டர் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு எப்படிப்பட்டது என்றால், இருப்பதே உனக்குத் தெரியாத ஏதோ ஒரு கம்ப்யூட்டர் படுத்து, உன் கம்ப்யூட்டரையும் முடக்கிவிடும் என்ற பொருளில் 1987-லேயே கேலியாகச் சொன்னார். எங்கள் விஷயத்தில் அந்தப் பெட்டி படுக்கக்கூட இல்லை. ரொம்பச் சுறுசுறுப்பாக இருந்தது!

வைத்தியம் சுலபம். ஸ்கேன் நகலுக்கு வேக வரம்பு வைத்தோம். லாரி போகலாம், ரோட்டின் ஒரு பாதியில் மட்டும். ஹார்ட்பீட்டுக்கு ஆம்புலன்ஸ் மாதிரி முன்னுரிமை கொடுத்தோம். அந்த 5 வினாடியைத் தொடவே இல்லை. அன்றைக்கு ராத்திரி ரெண்டு மணி வந்தது, போனது. பிங் 3-ஐத் தாண்டவில்லை.

ரெண்டாவது திருடன்

அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், ஒரு புகார் மிச்சம் இருந்தது. விடிகாலையில் கிளை மருந்துக் கவுண்ட்டரில் முதல் பில் மட்டும் டைம்அவுட். இரண்டாவது தடவை போட்டால் போய்விடும்.

இது வேறு ஆள். அந்தக் கவுண்ட்டர் புரோகிராம் மெயின் பில்டிங் சர்வரோடு 'ஃபயர்வால்' வழியாகப் பேசுவது. ராத்திரி ஒரு மணிக்கு மேல் மருந்து வாங்க ஆள் இல்லாததால் பேச்சு இல்லை. பல ஃபயர்வால்கள் ஒரு மணி நேரம் பேச்சு இல்லையென்றால், "இவர்கள் போய்விட்டார்கள்" என்று கதவைச் சாத்திவிடும். சாத்தியதை இரண்டு பக்கத்துக்கும் சொல்லாது! லினக்ஸ் கம்ப்யூட்டர், "லைன்ல இருக்கீங்களா?" என்று சும்மா ஒரு குரல் கொடுத்துப் பார்ப்பது வழக்கமாக 7,200 வினாடிக்கு, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான். அதற்குள் கதவு சாத்தி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்தக் குரலைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கொடுக்க வைத்ததும் தீர்ந்தது.

இதேபோல 'மைஎஸ்க்யூஎல்' டேட்டாபேஸ், 28,800 வினாடி சும்மா இருக்கிற தொடர்பைத் தானே வெட்டிவிடும். கணக்குப் போட்டால் சரியாக 8 மணி நேரம். சாயங்காலம் பூட்டி, காலையில் திறக்கிற ஆபீஸில் முதல் வேலை மட்டும் தகராறு செய்தால், அந்த எட்டைக் கொஞ்சம் விசாரியுங்கள்.

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஏதாவது உண்டா? ஆளைச் சந்தேகப்படும் முன் ஒரு வாரம் நேரத்தைக் குறியுங்கள். எந்தக் கடிகாரம் எவ்வளவு தப்பு என்றும் குறியுங்கள். உங்கள் வேலை போகிற ரோட்டில் வேறு யார் லாரி ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். ராத்திரி நடப்பதை ராத்திரியே போய்ப் பாருங்கள். வீட்டில்கூட இது செல்லுபடியாகும். தினமும் காலை ஐந்தரைக்கு எங்கள் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று அம்மா மாநகராட்சியைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஐந்தேகாலுக்கே எழுந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு மோட்டார்! (அந்தப் பஞ்சாயத்து இன்னும் ஓடுகிறது. அதற்கு ஃபயர்வால் கிடையாது.)

போன மாசம் தம்பி போன் பண்ணினான்.

"அண்ணே, ரெண்டு மெமோவையும் ரத்து பண்ணி லெட்டர் குடுத்துட்டாங்க."

"சந்தோஷம்டா தம்பி."

"ஆனா என் நோட்டை மட்டும் ஆபீஸ் ரெக்கார்டுன்னு அவங்களே வச்சுக்கிட்டாங்கண்ணே. புது நோட்டுக்கு நாப்பது ரூவா கேட்டா, 'எதுக்குய்யா நோட்டு? அதான் எல்லாம் சரியாயிருச்சே'ங்குறாங்க!"

நாற்பது ரூபாயை நானே அனுப்பி வைத்தேன். எழுதட்டும். அடுத்த திருடனும் மணி பார்த்துத்தான் வருவான்.